கூரையைத் தொடாத சுவர்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு ஹோட்டல், இரண்டாம் மாடிக் கருத்தரங்கு அறை. குளிரூட்டி ஓடிய ஓட்டத்தில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று காலை என் வாயை ஒருவர் கடிகாரம் வைத்து அளந்தார்.

நான்கு நிமிடப் பயிற்சி அது. மூன்று நாற்காலிகள். ஒன்றில் தலைமையாசிரியர், எதிரே மாணவர், சற்றுத் தள்ளிக் கவனிப்பவர். தலைமையாசிரியராக நான். மாணவியாக நடித்தவர் பக்கத்து மாவட்டத்து மலாய்ப் பள்ளியின் தலைமையாசிரியர். ஐம்பதைத் தாண்டிய வயது, அடர்த்தியான மீசை. பத்து வயதுப் பெண்ணாகத் தலையைக் குனிந்துகொண்டு அவர் உட்கார்ந்த அழகைப் பார்த்து மேசையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஆரம்பித்தோம். முடிந்ததும் கவனிப்பாளர் தாளைப் பார்த்து வாசித்தார். நான் பேசியது மூன்று நிமிடம் பத்து விநாடி. மாணவி பேசியது முப்பது விநாடி. மிச்சம் இருபது விநாடி மௌனம். அந்த முப்பதிலும் பாதி, “ஒன்றுமில்லை, சிக்கு” என்பதுதான். சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர்.

நான் சொன்ன முதல் வாக்கியத்தையும் அவர் எழுதி வைத்திருந்தார். “அழக்கூடாது, நீ கெட்டிக்காரப் பிள்ளையாயிற்றே.” இருபத்தொன்பது ஆண்டு அனுபவம் அந்த ஒரு வாக்கியத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் போகும் ஒரு சாலையில் இருக்கும் தமிழ்ப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியை. எழுபத்து நான்கு பிள்ளைகள், பதினோர் ஆசிரியர்கள். நூற்றைம்பதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்பது கல்வி அமைச்சின் கணக்கு. நாட்டிலுள்ள ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கில் வருபவைதாம். இப்படிப்பட்ட பள்ளியில் தலைமையாசிரியர் கணக்கு எழுதுவார், ஆங்கிலமும் நடத்துவார், குழாய் உடைந்தால் ஆளும் தேடுவார். முழுநேர ஆலோசக ஆசிரியர் பெரிய பள்ளிகளுக்குத்தான். எங்களிடம் அந்தப் பொறுப்பு உடற்கல்வியும் கணிதமும் நடத்தும் ஓர் ஆசிரியையின் தலையில் கூடுதலாக ஏற்றப்பட்டிருக்கிறது.

மாணவர் மனநலம் பற்றிப் பள்ளித் தலைவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி என்று கடிதம் வந்தபோது எனக்கு ஆர்வம் எழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பலூன் ஊதச் சொல்வார்கள், பாட்டுப் பாடச் சொல்வார்கள், கடைசியில் சான்றிதழ் தருவார்கள் என்று நினைத்தேன். பலூன் ஊதச் சொன்னார்கள். சான்றிதழும் தந்தார்கள். நடுவில் நடந்தது வேறு.

முதல் நாள் பெரும்பாலும் எண்கள். அவற்றில் சில தலையில் தங்கிவிட்டன. சுகாதார அமைச்சு 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில், நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஏறக்குறைய பத்தில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் சொல்லியிருந்தார். அதெல்லாம் பதின்மூன்று வயதுக்கு மேல், நம்முடையது தொடக்கப்பள்ளிதானே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அடுத்த படத்தில் அதுவும் போயிற்று. 2023ஆம் ஆண்டு ஆய்வில், ஐந்து முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 16.5 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். எழுபத்து நான்கை வைத்து மனக்கணக்குப் போட்டேன். பன்னிரண்டு. நாட்டுச் சராசரியை ஒரு சிறு பள்ளியின் தலையில் அப்படியே கவிழ்க்கக்கூடாது என்பது தெரியும். ஆனாலும் பன்னிரண்டு முகங்களைத் தேட மனம் தானாகவே ஓடியது. எனக்கு நான்குதான் தோன்றின. அந்த நான்கும் வகுப்பில் தொல்லை கொடுப்பவை. தொல்லை கொடுக்காமல் வாடுகிற பிள்ளை என் கணக்கிலேயே இல்லை.

அறிகுறிகளைச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மாற்றம், தூக்கமின்மை, எரிச்சல், விளையாட்டிலிருந்து ஒதுங்குவது, காரணம் பிடிபடாத வயிற்றுவலி. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு எங்கள் மேசையில் இருந்த தமிழ்ப்பள்ளிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நம் பிள்ளைகளுக்குத் துக்கம் வயிற்றில்தான் வரும். “மனம் சரியில்லை” என்று ஒன்பது வயதுப் பையன் வந்து நிற்பதில்லை. “வயிறு வலிக்கிறது, பாட்டிக்குப் போன் போடுங்கள், டீச்சர்” என்று நிற்பான். நாமும் தைலம் தடவி, மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம். எத்தனை மைலோ கலக்கியிருப்பேன்!

இரண்டாம் நாள்தான் நான் எழுத வந்த விஷயம்.

பயிற்றுநர் வெண்பலகையில் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள் போட்டார். ஒரு பிள்ளை உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டது. உள்வட்டத்தில் இருப்பவர் அதைத் தெரிந்தாக வேண்டியவர். அடுத்த வட்டம், தெரிந்தால் நல்லது. வெளிவட்டம், தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர். “உங்கள் பள்ளியில் யார் யார் எந்த வட்டத்தில் இருக்கிறார்கள், பெயர் எழுதுங்கள்” என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. சுங்கை சிப்புட்டில் வெளிவட்டம் என்பது ஊர்.

இது நக்கல் இல்லை. எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் மூன்றாம் ஆண்டுப் பையனுக்கு அத்தை. காவலாளி பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரின் சகலை. என்னிடம் படித்தவளின் மகளுக்குத்தான் இப்போது நான் ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு பிள்ளை என் அறைக்கு வந்து அழுதால், அந்தக் கண்ணீர் காய்வதற்குள் அதற்கு நான்கு விளக்கங்கள் ஊரில் கிளம்பிவிடும். பயிற்சிகளை வடிவமைப்பவர்கள் பெருநகரத்துப் பள்ளியை மனத்தில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள் போலிருக்கிறது. அங்கே சிக்கல், பிள்ளையை யாரும் கவனிக்காதது. இங்கே எல்லாரும் கவனிக்கிறார்கள். அதனாலேயே பிள்ளை வாயைத் திறப்பதில்லை.

நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா வெளிக்காட்டில் புல் வெட்டினார். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, அதற்குமுன் அடுப்பு. லயத்து வீடுகளுக்கு நடுவே இருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. மேலே ஒரு முழ இடைவெளி இருக்கும். அந்த வழியாகப் பக்கத்து வீட்டுக் குழம்பு வாசம் வரும், சண்டை வரும், இருமல் வரும், அழுகையும் வரும். யார் வீட்டிலும் ரகசியம் கிடையாது. குடித்துவிட்டு ஒருவர் கையை ஓங்கினால், பக்கத்து வீட்டுப் பெரியம்மா சுவருக்கு மேலே குரல் கொடுப்பார். அப்பாவிடம் அடிவாங்கிய பிள்ளைக்கு அன்றிரவு சோறு மூன்றாவது வீட்டில். மனநலம் என்ற சொல் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை வாடினால் பத்து அத்தைமார் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதே பத்து வாய்தான் மறுநாள் குழாயடியில் அந்தப் பிள்ளையின் வீட்டைக் கிழித்து நார்நாராகத் தொங்கவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய தோட்டத்து வாழ்க்கையைச் சொர்க்கமாக எழுதுகிறவர்கள் குழாயடியை எப்படி மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

வாயைக் கட்டும் பழக்கத்துக்கு எங்கள் ஊரில் இன்னொரு வேரும் உண்டு. 1948 ஜூன் 16 அன்று எங்கள் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்துதான், கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்த மலாயாவின் அவசரகாலம் தொடங்கியது. வரலாற்றுப் பாடத்தில் சுங்கை சிப்புட்டின் பெயர் வருவது அதற்காகத்தான். யார் யாருக்கு அரிசி கொடுத்தார், யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்பதில் உயிர் போன காலம் அது. என் பாட்டி சாகும்வரை அந்நியர் எதைக் கேட்டாலும் “எனக்கு என்ன தெரியும்” என்றுதான் தொடங்குவார். அந்த வாக்கியம் இன்றைக்கும் எங்கள் பெற்றோர்களிடம் இருக்கிறது. ஆலோசக ஆசிரியை வீட்டு நிலைமை கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால் அதுதான் முதல் பதில்.

லயங்கள் போய்விட்டன. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது பட்டணத்து ஓரத்து மலிவுவிலை வீடுகளில் இருக்கிறார்கள். சுவர் கூரையைத் தொடுகிறது. அப்பா சிங்கப்பூரில், அம்மா தொழிற்சாலை பஸ்ஸில், பிள்ளை பாட்டியிடம். சுவருக்கு மேலே குரல் கொடுக்கும் பெரியம்மா இல்லை. குழாயடி மட்டும் கைத்தொலைபேசிக்குள் புகுந்து பத்திரமாக இருக்கிறது.

மலாய் மொழியின் ‘ரஹ்சியா’வும் நம்முடைய ரகசியமும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து வந்தவை. அன்று அந்தச் சொல்லைப் பயிற்றுநர் திரும்பத் திரும்பச் சொன்னபோது எனக்கு ஒரு பங்குனி உத்திரம் நினைவுக்கு வந்தது.

பதினைந்து ஆண்டுக்கு மேலாகிறது. அப்போது நான் வேறொரு பள்ளியில் வகுப்பாசிரியை. ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன், மன்னியுங்கள். ஐந்தாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, இரவில் தூங்குவதில்லை என்று என்னிடம் சொன்னாள். கண்ணை மூடினால் காலையில் அம்மா வீட்டில் இருக்கமாட்டாரோ என்று பயம். கதவுத் தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாளாம். ஒரு பிள்ளை இதைச் சொல்ல எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருக்கும்! நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்துக் கோயில் அன்னதான வரிசையில் அவள் அம்மாவைப் பார்த்தேன். நல்ல மனத்தோடு, குரலைத் தாழ்த்தி, அக்கறையாகச் சொன்னேன். என் அக்கறைக்கு ஓர் அடி பின்னால் அந்த அம்மாவின் நாத்தனார் தட்டோடு நின்றிருந்தார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறாராம், பெற்ற பிள்ளையே டீச்சரிடம் சொன்னதாம். அந்த வீட்டில் அன்றிரவு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலை சபைகூடலுக்கு முன் அவள் என்னிடம் வந்தாள். அழவில்லை. “டீச்சர், நான் சொன்னதை நான் சொல்லவில்லை” என்றாள். அதன்பின் இரண்டு ஆண்டில் என்னிடம் அவள் பேசியதெல்லாம் “காலை வணக்கம்” மட்டும்.

பிறகு அவளுக்கு நேர்ந்ததற்கெல்லாம் நானே காரணம் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்வதும் ஒருவகைப் பெருமைதான். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள் என்பது மட்டும் தெரியும்.

அதனால்தான் அந்த மூன்று வட்டங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. பள்ளித் தலைவர்களுக்கு மனநலப் பயிற்சி என்றால் நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன். அது எங்கள் வேலையே அன்று. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் தம்மை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு, நிபுணர் அல்லாதவருக்கு மூன்று வேலைதான் தருகிறது. பார், கேள், இணை. தலைமையாசிரியர் செய்ய வேண்டியது, கேட்டதை எங்கே கொண்டுபோவது, எங்கே கொண்டுபோகாமல் இருப்பது என்ற ஒழுங்கைப் பள்ளியில் உண்டாக்குவது. இணைப்பதற்கு ஒரு வழி வைத்துவிட்டு, கசிகிற நூறு ஓட்டைகளை அடைப்பது. தோட்டப்புறத்தில் இரண்டாவதுதான் கடினம்.

ஓட்டை எங்கே என்று திரும்பி வந்த முதல் வாரத்திலேயே தெரிந்தது. மனநலச் சோதனைப் படிவங்களைப் பிள்ளைகள் நிரப்பியிருந்தார்கள். முடிவில் கவனம் தேவைப்படுவோர் பட்டியல் ஒன்று வரும். அந்தப் பட்டியல், வரிசை எண், பெயர், வகுப்பு, மதிப்பெண்ணோடு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடந்தது. போட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. வேலைச் சுமையில், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்று போட்டிருக்கிறார். கீழே ஒருவர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார். இன்னொருவர், “இவனா? நம்பவே முடியவில்லை” என்று எழுதியிருந்தார். அழிக்கச் சொன்னேன், அழித்தார்கள். எத்தனை கைத்தொலைபேசியில் அது தங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும். இப்போது பட்டியல் ஒரே ஒரு தாளில், என் இழுப்பறையில், பூட்டுக்குள்.

அடுத்த ஓட்டை, அறை. எங்கள் ஆலோசனை அறை அலுவலகத்துக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் நடுவில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு. மேலே பூப்போட்ட பெயர்ப்பலகை. ஓய்வு நேரத்தில் உள்ளே போகும் பிள்ளையை எழுபத்து மூன்று பிள்ளைகளும் ஓர் அத்தையும் பார்க்கலாம். அந்த அறையில் இப்போது இரவல் பாடநூல்களை அடுக்கியிருக்கிறோம். பேச வேண்டிய பிள்ளையைக் கூப்பிட்டு, “செடிக்குத் தண்ணீர் ஊற்ற வா” என்பார் ஆசிரியை. தண்ணீர் ஊற்றும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்ணுக்குக் கண் பார்க்காமல், கையில் ஒரு வேலையோடு நிற்கும்போது பிள்ளைகளுக்கு வாய் எளிதாகத் திறக்கிறது என்பது கூடுதல் லாபம். எங்கள் கத்தரிச் செடிகள் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து இரண்டு செத்துப்போயின.

மூன்றாவது ஓட்டையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆலோசனை நடந்ததற்குப் புகைப்படம் கேட்டார்கள். எந்த நடவடிக்கைக்கும் ஒரு பக்க அறிக்கையும் நான்கு படங்களும் வைப்பது வழக்கம், அதனால் இதற்கும் கேட்டுவிட்டார்கள். யார் என்பது முக்கியமில்லை, கேட்டவருக்கும் மேலே ஒருவர் கேட்டிருப்பார். பிள்ளையின் முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுக்கலாம் என்று யோசனை வந்தது. எழுபத்து நான்கு பேர் இருக்கும் பள்ளியில் பின்மண்டையும் ரிப்பனும் போதாதா? வெறும் நாற்காலிகள் இரண்டைப் படமெடுத்து அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

உதவி எண்களைக்கூட அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருந்தோம். நடுக்கூடத்தில், எல்லார் பார்வையிலும் நின்று அதை யார் குறித்துக்கொள்வார்? சுகாதார அமைச்சின் 15555, தாலியான் காசேயின் 15999, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 மூன்றையும் சிறு தாளில் எழுதிக் கழிவறைக் கதவுகளின் உட்புறத்தில் ஒட்டினோம். பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மாக்களின் கழிவறையிலும். அங்கே ஒட்டிய தாளின் ஓரத்தை ஒரு மாதத்தில் யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். எண்கள் இருந்த பகுதி.

வட்டங்களுக்கு மறுபக்கமும் உண்டு. எந்த ரகசியத்தைக் காக்கவே கூடாது என்பதையும் அந்தப் பயிற்சியில்தான் தெளிவாகப் புரிந்துகொண்டேன். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றாலோ, அங்கே வட்டம் கிட்டம் எதுவும் இல்லை. சிறார் மீதான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவுப்படி, அப்படி ஒரு குற்றம் தெரிந்தும் போலீசில் சொல்லாதவருக்கு ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் உண்டு. தலைமையாசிரியர், ஆயா, அண்டைவீட்டார் என்ற வேறுபாடு கிடையாது. குடும்ப மானம், பள்ளிப் பெயர் என்று மூடி மறைக்கிற பழக்கத்துக்கு அந்தப் பிரிவு ஒரு சரியான அடி. ஊர் தெரிந்துகொள்ளக் கூடாதவற்றை ஊருக்குச் சொல்வதும், போலீசுக்குச் சொல்ல வேண்டியதை விழுங்குவதும் ஒரே ஊரில் ஒரே வாய் செய்கிற வேலைகள்.

ஆகவே பிள்ளை பேசத் தொடங்குமுன்பே எல்லையைச் சொல்லிவிட வேண்டும் என்றார் பயிற்றுநர். மலாயில் அது அழகான வாக்கியமாக இருந்தது. தமிழில் சொல்லிப் பார்த்தேன், அரசாங்க அறிக்கைபோல் விறைத்துக்கொண்டு நின்றது. வீட்டுக் கண்ணாடிமுன் ஒரு வாரம் பழகினேன். கடைசியில் இப்படி வந்தது: “நீ சொல்வதை நான் ஊருக்குச் சொல்லமாட்டேன். ஆனால் உனக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் ஒருவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் என்பதை முதலில் உன்னிடம் சொல்வேன்.” கடைசி வாக்கியம்தான் உயிர். அன்னதான வரிசையில் எனக்கு இல்லாமல் போனது அதுதான்.

இன்னொரு கேள்வியையும் பழகினேன். அது வாயில் வர அதிக நாள் ஆயிற்று. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்பது. நம் வீடுகளில் அபசகுனமான சொல்லை உச்சரித்தாலே பலித்துவிடும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, மாறாகத் தனியாகச் சுமந்தது இறங்குகிறது என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியிருக்கின்றன என்றார்கள். அதுவரை இன்னொரு பயமும் இருந்தது. தற்கொலைக்கு முயல்வது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றமாக இருந்தது. அதை நாடாளுமன்றம் நீக்கியது 2023இல்தான். பிள்ளைக்கு உதவி தேடப் போய்ப் போலீஸ் வாசலில் நிற்க வேண்டுமோ என்று மூத்த தலைமையாசிரியர்கள் சிலர் வாயை மூடிக்கொண்டதில் அந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு.

மருத்துவத்துக்கு அனுப்புவது பற்றி. எங்களூருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் 1911இல் திறந்த மனநல மருத்துவமனை இருக்கிறது. பஹாகியா என்று பெயர், மகிழ்ச்சி என்று பொருள். அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்று ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள், அதுவும் வசவாக. அதனால் “மனநலம்” என்று எடுத்ததுமே பாட்டிமார் முகம் வெளுக்கிறது. “என் பேரனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?” நான் இப்போது கிளினிக் என்று மட்டும் சொல்கிறேன், அதுதான் உண்மையும்கூட. அரசு சுகாதாரக் கிளினிக்கில்தான் முதலில் பார்ப்பார்கள். முனியாண்டி கோயிலில் மந்திரித்துவிட்டு வருகிறேன் என்றால் சரி என்கிறேன். திருநீற்றோடு போனாலும் டாக்டர் பார்க்கத்தான் போகிறார். கிளினிக்கில் வேறொரு தடை காத்திருக்கிறது. பிள்ளைக்குப் பயம் தமிழில் வருகிறது, கேள்வி மலாயில் வருகிறது. “தாக்குட்” (பயம்) என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பதை அந்தச் சொல்லில் எப்படி அடக்குவது?

இரண்டு நாள் பயிற்சி போதுமா என்றால், போதாது. இங்கிலாந்தில் பள்ளிக்கு ஒரு மூத்த ஆசிரியரை மனநலப் பொறுப்பாளராகப் பயிற்றுவிக்க 2021 முதல் 1,200 பவுண்டு மானியம் கொடுத்தார்கள் என்று படித்தேன். நாங்கள் பவுண்டு கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அதே மேசையை மறுபடி கூட்டி, கடிகாரத்தை வைத்து மறுபடி அளந்தால் போதும். நான் எத்தனை விநாடி குறைந்திருக்கிறேன் என்று எனக்கே தெரிய வேண்டும்.

அதே மேசையில் இடைநிலைப்பள்ளி முதல்வர் ஒருவரையும் உட்கார வைக்க வேண்டும். ஆறு ஆண்டு எங்கள் பிள்ளை என்று வைத்திருந்தவர்களை கல்வியாண்டு முடிந்ததும் ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்கு அனுப்புகிறோம். மலாய் போதாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்காருகிறார்கள். அங்கே பெயரைச் சரியாக உச்சரிக்கவே ஆள் இருப்பதில்லை. பிள்ளை உடைவது பெரும்பாலும் அங்கேதான். நான் அறிந்ததை எழுதி அனுப்பலாமா? அப்பா குடிப்பார், இவன் பதற்றப்படுவான் என்று கோப்பில் எழுதினால், முகத்தைப் பார்க்குமுன்பே அவனுக்கு ஒரு முத்திரை விழுந்துவிடும். எழுதாவிட்டால், அவன் மறுபடி முதலிலிருந்து ஒருவரைத் தேட வேண்டும். சென்ற ஆண்டு மூன்று பிள்ளைகளைப் பொறுத்து அவர்களிடமே கேட்டேன், என்ன சொல்லட்டும் என்று. ஒருவன் யோசித்துவிட்டு, “எனக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பிடிக்கும் என்று சொல்லுங்கள், டீச்சர்” என்றான். அந்தப் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சென்ற வாரம் இரவுச் சந்தைக்குப் போயிருந்தேன். காய்கறி விற்கும் அக்கா எனக்குத் தூரத்து உறவு, நல்லவர், போன மாதம் என் கால்வலிக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவர். கீரையை அடுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “டீச்சர், அந்த நான்காம் ஆண்டுப் பிள்ளை உங்கள் ரூமில் ரொம்ப நேரம் இருந்ததாமே, வீட்டில் ஏதும் பிரச்சினையா?” முகத்தில் உண்மையான கவலை. பின்னால் இரண்டு பேர் வரிசையில்.

கங்குங் கீரை என்ன விலை என்று கேட்டேன்.

மூன்று கட்டு ஐந்து வெள்ளி என்றார். எனக்கு ஒரு கட்டுதான் வேண்டியிருந்தது. மூன்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.